நின்றுகொண்டு தைக்க ஓர் இடம்: யாழ்ப்பாணத்தில் தைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து தைப்பவர்களும் சின்னதாகத் தையலகம் நடத்துபவர்களும் நிறையப் பேர். அநேகமானோர் துணி வெட்டுவது நிலத்தில் பாய் விரித்துத்தான். தைப்பது கதிரையில் கூனி இருந்து. கொஞ்சக் காலம் போக நாரி நோ, பிடரி நோ என்று தொடங்கிவிடும். அப்போதுதான் நின்று தைத்தால் என்ன என்ற யோசனை வரும். நல்ல யோசனைதான். ஆனால் மேசையை உயர்த்துவதோடு வேலை முடிவதில்லை. மேசையை ஒரு பின்னேரத்தில் உயர்த்திவிடலாம். காலுக்கு வழி செய்யாமல் உயர்த்தினால் நாரியில் இருந்த நோ முழங்காலுக்கு இறங்கும், அவ்வளவுதான். அதனால்தான் கீழே கால் மிதியைப் பற்றி அதிகமாக எழுதியிருக்கிறேன்.

நின்று தைத்தால் நாரி நோ போய்விடுமா?

கூனி இருப்பதால் வரும் நோ என்றால் குறையும். ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் கால் வீங்கும், குதிக்கால் நோகும், நாரியும் திரும்ப நோகத் தொடங்கும். இருப்பது கூடாது, நிற்பது நல்லது என்று எடுக்க வேண்டாம். அசையாமல் இருப்பதுதான் உடம்புக்குக் கூடாது.

1970களின் கடைசியில் ஜப்பானில், தொயோட்டா கார் தொழிற்சாலையின் உற்பத்தி முறையைப் பார்த்து ஆடைத் தொழிலுக்கும் ஒரு முறை கொண்டுவந்தார்கள். அதில் எல்லோரும் நின்றுதான் தைப்பார்கள். ஆனால் ஒருவர் ஒரே மெசினின் முன் நிற்பதில்லை. உடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மெசினிலிருந்து அடுத்ததற்கு நடந்துகொண்டே இருப்பார். வீட்டிலும் அதைத்தான் செய்ய வேண்டும். வெட்டும் மேசை, மெசின், ஸ்திரிக்கை போடும் இடம் மூன்றும் இரண்டு மூன்று எட்டு வைத்துப் போகும் தூரத்தில் இருக்கட்டும். ஒன்றில் கொஞ்ச நேரம், பிறகு மற்றதில்.

எதிலிருந்து தொடங்குவது?

வெட்டும் மேசையிலிருந்து. மெசினை விடுங்கள், அது பிறகு.

நிலத்தில் குந்தி இருந்து சட்டைத் துணி வெட்டுவதைப் போல நாரியை முறிக்கும் வேலை தையலில் வேறு இல்லை. நின்று வெட்டுவதற்கு மிதியும் தேவையில்லை, மோட்டரும் தேவையில்லை. உயரமான ஒரு மேசை போதும். நின்று வெட்டி, நின்று ஸ்திரிக்கை போட்டு, இருந்து தைத்தாலே பலருக்கு நோ பாதியாகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் மெசினையும் உயர்த்த வேண்டும் என்று பட்டால் உயர்த்துங்கள்.

வெட்டும் மேசை 3 அடி அகலமும் 6 அடி நீளமும் இருந்தால் நல்லது. 3 அடிக்கு மேல் அகலம் போனால் நடுவுக்குக் கை எட்டாது, திரும்பவும் குனிய வேண்டி வரும். முடிந்தால் சுவரோடு ஒட்டாமல் இரண்டு பக்கமும் நடக்க இடம் விடுங்கள். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்றை வாங்கி வெட்டினால் மேசைக்கும் போதும், மிச்சத்தில் பக்கத் தட்டும் செய்யலாம்.

உயரம் எவ்வளவு வைக்க வேண்டும்?

ஆளுக்கு ஆள் வேறு. அக்கம்பக்கத்தில் ஒருவர் செய்த மேசையின் அளவை அப்படியே எடுத்துச் செய்யாதீர்கள்.

வேலை செய்யும்போது போடும் செருப்போடு நேராக நில்லுங்கள். தோளைத் தூக்காமல் முழங்கையை 90 பாகைக்கு மடியுங்கள். நிலத்திலிருந்து முழங்கை வரைக்கும் வேறு ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள். தனியே அளந்தால் குனிவீர்கள், அளவு பிழைக்கும். 5 அடி 2 அங்குல உயரமுள்ள ஒருவருக்கு அது பெரும்பாலும் 38, 39 அங்குலம் வரும்.

39 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டும் மேசை அதைவிட 3, 4 அங்குலம் தாழ்வாக, அதாவது 35 அல்லது 36. ஸ்திரிக்கைக்குக் கையால் அமத்த வேண்டும் என்பதால் இன்னும் தாழ்வாக, 33 அல்லது 34. மெசினுக்குக் கணக்கு வேறு. ஊசித்தட்டு இருக்கும் மட்டம் முழங்கை மட்டத்தில் அல்லது 1, 2 அங்குலம் உயரமாக இருக்க வேண்டும். கண் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை, தாழ்ந்தால் கழுத்து குனியும். மேசைக்கு மேல் வைக்கும் வீட்டு மெசினின் ஊசித்தட்டு மேசையிலிருந்து 3 அங்குலம் அளவில் உயர்ந்திருக்கும். உங்கள் மெசினில் அதை அளந்து கழியுங்கள். 39 முழங்கைக்கு மேசை 36 அங்குலம், ஊசித்தட்டு 39. மேசைக்குள் புதைத்த மெசின் என்றால் கழிக்க ஒன்றும் இல்லை.

மெசின் மேசையை உயர்த்திவிட்டேன். வலது கால் கெதியாகக் களைத்துப் போகிறதே?

எல்லோரும் வந்து முட்டுவது இங்கேதான்.

இருந்து தைக்கும்போது உடம்பின் பாரத்தைக் கதிரை தாங்குகிறது. கால் மிதியை அமத்த மட்டும்தான். நிற்கும்போது ஒரு கால் மிதிக்குப் போய்விட்டால் முழுப் பாரமும் மற்றக் காலில். அதோடு வீட்டு மெசினின் மிதி 2 அங்குலம் அளவுக்கு உயரம். அதில் காலை வைத்தால் அந்தப் பக்க இடுப்பு மேலே போகும், நாரி ஒரு பக்கம் வளையும். அப்படியே ஒரு மணித்தியாலம் நின்றால் நோகாமல் என்ன செய்யும்?

இதற்கு ஒரு மிதிப்பலகை செய்துகொள்ளுங்கள். 2½ அடி நீளம், 1½ அடி அகலம், 2 அங்குல உயரம். சுவர்ப் பக்கம் இருக்கும் விளிம்பின் நடுவில் மிதி உள்ளே போகிற அளவுக்கு ஒரு வெட்டு. சுற்றிவர அரை அங்குலம் இடைவெளி இருக்கட்டும். மிதியை அந்த வெட்டுக்குள் நிலத்தில் வைத்து வயரை முன்னால் விடுங்கள். இப்போது பலகையில் ஏறி நின்றால் இரண்டு பாதமும் ஒரே மட்டம். குதிக்கால் பலகையிலேயே பாரத்தோடு இருக்கும். முன்பாதம் மட்டும் மிதியின் மேல் போகும். காலைத் தூக்கவே தேவையில்லை, விரல் பக்கத்தைக் கொஞ்சம் அமத்தினால் மெசின் ஓடும்.

வெட்டு நடுவில் இருக்க வேண்டும் என்றதற்குக் காரணம் இருக்கிறது. வலது கால் களைத்தால் இடது காலுக்கு மாற வேண்டும். முதல் ஒன்றிரண்டு கிழமை இடது காலுக்கு வேகம் பிடிபடாது. பழைய துணியில் பழகுங்கள், வந்துவிடும்.

பலகைக்கு அடியிலும் மிதிக்கு அடியிலும் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினால் வழுக்காது. பலகையின் விளிம்புக்கு மஞ்சள் பெயின்ற் ஒரு கோடாக அடியுங்கள், அறைக்குள் வருபவர்கள் தடுக்கி விழமாட்டார்கள். முக்கியமான ஒன்று: பலகை 2 அங்குலம் உங்களை உயர்த்துகிறது, ஆகவே மேசையையும் 2 அங்குலம் கூட்ட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 36 என்பது 38 ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிற்பவருக்குப் பாரம் மாறும்போது தன்னையறியாமல் மிதி அமத்துப்படும். நூல் கோர்க்கும்போது, ஊசி மாற்றும்போது சுவிச்சை நிற்பாட்டுங்கள். இருந்து தைத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பழக்கம் இருக்காது, நின்று தைக்கும்போது கட்டாயம் வேண்டும்.

மிதி இல்லாமல், பட்டனை அமத்தி ஓடும் மெசின் இருக்கிறதாமே?

இருக்கிறது. கணினி வகை வீட்டு மெசின்களில் ஓடு, நில் என்று ஒரு பட்டனும் வேகத்துக்கு ஒரு தள்ளு சுவிச்சும் இருக்கும். பலவற்றில் மிதியின் வயரைக் கழற்றினால்தான் பட்டன் வேலை செய்யும். பட்டன் பழுது என்று திருத்தக் கொடுக்க முன்னர் அதைப் பாருங்கள்.

நீட்டுத் தையலுக்கு இது நல்லது: யன்னல் சீலை, கட்டில் விரிப்பு, சாறிக்கு ஃபோல் அடிப்பது. சாறிச் சட்டை போன்ற வேலைக்குக் கரைச்சல். சட்டையில் எல்லாமே துண்டு துண்டுத் தையல், வளைவு, மூலை. நாலு அங்குலத்துக்கு ஒருக்கால் கையை எடுத்துப் பட்டனை அமத்த வேண்டி வரும்.

எங்களிடம் இருப்பது பழைய கால் மெசின். அதை உயர்த்தலாமா?

முடியாது. இரண்டு காலாலும் ஆட்டி ஓட்டும் மெசின் அது. நின்றுகொண்டு ஆட்டினால் விழுவீர்கள். மேலே இருக்கும் மெசினைக் கழற்றிச் சின்ன மோட்டர் ஒன்று பூட்டி உயரமான மேசையில் வைக்கலாம். இரும்புக் காலைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

வீட்டில் கை மெசின் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நின்று தைக்க அதைவிடச் சுலபமானது இல்லை. மிதியே கிடையாது, இரண்டு காலும் நிலத்தில் சமமாக நிற்கும். 1990க்குப் பிறகு பல வருடம் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது கை மெசினும் கால் மெசினும்தான் எத்தனையோ வீட்டுக்குச் சோறு போட்டன. அந்தச் சிங்கர் கை மெசின்களில் பல இன்னும் ஒரு சொட்டு எண்ணெயோடு ஓடும். வலது கை சக்கரத்தில் இருப்பதால் துணியை இடது கையால் மட்டும்தான் நடத்தலாம், வேகமும் குறைவு. பொத்தான் பட்டி, கைக்கரை, திருத்த வேலைகளுக்கு அது போதும்.

ஜூக்கி மெசினை (மேசையோடு வரும் தொழிற்சாலை வகை மெசின்) நின்று ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் மேசைக் காலை நீட்டினால் மட்டும் போதாது. மிதியிலிருந்து மோட்டருக்குப் போகும் கம்பியையும் அதே அளவுக்கு நீட்ட வேண்டும். துணியை அமத்தும் மெசின் பாதத்தை முழங்காலால் தட்டித் தூக்கும் தண்டையும் கீழே இறக்க வேண்டும். மேசை உயர்ந்தாலும் உங்கள் முழங்கால் உயராது அல்லவா? நின்றுகொண்டு முழங்காலால் தட்டும்போது ஒற்றைக் காலில் நிற்க வேண்டி வரும். அதை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் கைப்பிடியைப் பாவிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

பழைய கிளச் மோட்டர் என்றால் மாற்றிவிடுங்கள். அதன் மிதி பாரம், மெதுவாகவும் ஓடாது. சேர்வோ மோட்டருக்கு மிதியை மெல்லத் தொட்டால் போதும், வேகத்தைக் குறைத்து வைக்கலாம், தைக்காத நேரம் சுழன்று மின்சாரம் தின்னாது. நின்று தைப்பவருக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய ஆறுதல்.

எண்ணெய்த் தட்டு உள்ள மெசினைச் சாய்த்து வைக்கக் கூடாது. வீட்டு மெசின் என்றால் பின்பக்கக் காலுக்குக் கீழே அரை அங்குல றப்பர்த் துண்டு வைத்து உங்கள் பக்கம் கொஞ்சம் சரிக்கலாம். கழுத்துக்கு வித்தியாசம் தெரியும்.

ஓவர்லொக்?

தையல் மெசின், ஓரம் அடிக்கும் ஓவர்லொக் மெசின் இரண்டில் ஒன்றைத்தான் உயர்த்தலாம் என்றால் ஓவர்லொக்கை உயர்த்துங்கள். ஓரம் அடிப்பது கொஞ்ச நேர வேலை. எழும்பி வந்து நின்று அடித்துவிட்டுத் திரும்பக் கதிரைக்குப் போகலாம். உடம்புக்கும் அசைவு.

ஓடாவியிடம் என்ன சொல்லிச் செய்விப்பது?

முதலில், ஆடக்கூடாது. உயரம் கூடக் கூட மேசை ஆட்டம் கூடும். மெசின் அதிர்வில் தையல் நெளியும். 2 அங்குலத்துக்குக் குறையாத சதுரக் கால், பின்பக்கம் குறுக்குச் சட்டம் அல்லது பெருக்கல் அடையாளம் மாதிரிச் சட்டம். முன்பக்கம் கீழே சட்டம் வேண்டாம், உங்கள் கால் அங்கேதான் போக வேண்டும். சுவரில் ஒரு ஆணிச்சட்டம் அடித்து மேசையை அதோடு இறுக்கினால் இன்னும் திறம்.

மரம் வேம்பு, மகோகனி, பலா எதுவும் சரி. பனையில் செய்வோம் என்று சிலர் ஆசைப்படுவார்கள். காலுக்குப் பனை நல்லது, உரமானது. மேல்தட்டுக்கு வேண்டாம். அதன் கறுப்பு நார் சிராய் சிராயாக எழும்பும். பட்டுச் சாறி ஒன்று அதில் மாட்டினால் முடிந்தது. மேல்தட்டுக்கு போர்மைக்கா ஒட்டிய பலகையே வசதி, விளிம்பை உருட்டிவிடச் சொல்லுங்கள்.

புதுசு செய்யாமல், சாப்பாட்டு மேசைக்குக் கீழே சீமெந்துக் கல் வைத்தால் என்ன?

வெட்டுவதற்குச் சரி. சாதாரண மேசை 30 அங்குலம், 6 அங்குலம் உயர்த்தினால் அளவு வந்துவிடும். மெசினுக்கு வேண்டாம், அதிர்வில் கால் நகர்ந்து கல்லிலிருந்து இறங்கும். மரக்கட்டையில் 1 அங்குல ஆழத்துக்குக் குழி எடுத்து மேசைக் காலை அதற்குள் இறக்கினால் மெசினும் வைக்கலாம்.

நீளச் சாறி தைக்கும்போது துணி இழுபடுகிறது, ஊசியும் முறிகிறது. ஏன்?

மேசை உயர்ந்ததால்தான். துணி முன்னரைவிட அதிக தூரம் தொங்குகிறது, அதன் பாரம் ஊசியை இழுக்கிறது. மெசினின் இடது பக்கம் 2 அடிக்குக் குறையாத தட்டு வேண்டும். மேசைக்குப் பின்னாலும் துணி விழாமல் ஏதாவது தாங்க வேண்டும். சுவரோடு இருந்தால் பிரச்சினை இல்லை. மடியில் வைத்துத் தைத்த வேலையெல்லாம் இனித் தட்டில் வைத்துத்தான், மடி இல்லையே.

நிலம் சீமெந்து. வெறுங்காலோடு நிற்கலாமா?

வேண்டாம். வீட்டுக்குள் செருப்புப் போடாத வழக்கம் நல்ல வழக்கம்தான். அதற்குத் தையல் அறைக்கென்று மட்டும் ஒரு சோடி வைத்திருங்கள், வெளியே போட்டுப் போக வேண்டாம். அடி தடிப்பான, குதிக்கால் பக்கம் அமிழ்ந்து போகாத செருப்பு. நிலத்தில் அரை முதல் முக்கால் அங்குல றப்பர் விரிப்பு. மெத்தை போல மெதுவாக இருப்பது நிற்க உதவாது, கணுக்கால் ஆடிக்கொண்டே இருக்கும். சாக்கை இரண்டாக மடித்துப் போடலாம், பனையோலைப் பாய் வழுக்கும்.

குண்டூசி விழும் இடம் இது. சலரோகம் உள்ளவர்களுக்குப் பாதம் விறைத்திருந்தால் ஊசி ஏறியதே தெரியாமல் போய்விடும். அவர்கள் பாதம் முழுக்க மூடும் சப்பாத்துப் போட வேண்டும், வேலை முடிந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு காந்தத்தை நூலில் கட்டி நிலத்தில் இழுத்தால் விழுந்த ஊசியெல்லாம் வந்துவிடும்.

வெட்டுத்துண்டுக்கு நிலத்தில் கூடை வைத்தால் அதற்காகவும் குனிய வேண்டும். பனையோலைக் கடகம் ஒன்றை மேசை விளிம்பில் கொழுவிவிடுங்கள்.

கண்ணாடி போட்டும் ஊசி வடிவாகத் தெரியவில்லையே?

வாசிப்புக் கண்ணாடி பொதுவாக 40 சென்ரிமீற்றர் தூரத்துக்குக் கணக்காக இருக்கும். நிற்கும்போது கண்ணுக்கும் ஊசிக்கும் இடையில் தூரம் கூடிவிடுகிறது. குனிந்து கிட்டப் போனால் நின்றதன் பலன் போய்விடும். நின்று தைக்கும் தூரத்தை அளந்து கண்ணாடி சோதிப்பவரிடம் சொல்லுங்கள். இரண்டாவது கண்ணாடி ஒன்று தேவைப்படலாம். ஊசிக்குப் பக்கத்தில் சின்ன எல்ஈடி விளக்கு ஒன்றும் வேண்டும். கூரையில் இருக்கும் மின்குமிழுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் நிழலே துணியில் விழும்.

விறாந்தையில் வைக்கலாமா? அங்கேதான் வெளிச்சம்.

வெளிச்சம் நல்லதுதான். ஆனால் சோளகம் வீசும் மாதங்களில் புழுதி மெசினுக்குள் போகும், மாரியில் ஈரம் ஏறும், கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்து கறள் பிடிக்கும். வெட்டும் மேசையை விறாந்தையில் வைத்து மெசினை உள்ளே யன்னலோரம் வைப்பது நல்லது. மூடுவதற்குப் பருத்தித் துணி போதும், பொலித்தீன் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும். நிற்பவருக்கு வியர்வை கூட. மேலே சுழலும் விசிறி வெட்டுக் கடதாசியைப் பறக்கடிக்கும். நிலத்தில் நிற்கும் விசிறியை முதுகுப் பக்கம் வைத்து இடுப்பு மட்டத்துக்கு வீச விடுங்கள்.

மின்சார இணைப்பு?

ஸ்திரிக்கைப் பெட்டியையும் மெசினையும் ஒரே நீட்டு வயரில் கொழுவ வேண்டாம். பிளக் மேசை உயரத்துக்குச் சுவரில் இருக்கட்டும். நடந்து திரியும் இடத்தில் வயர் கிடக்கக் கூடாது.

எவ்வளவு நேரம் நிற்கலாம்?

தொடக்கத்தில் ஒரு தரத்துக்கு 10, 15 நிமிடம். பழகியபின் 30 நிமிடத்துக்குள் ஒரு மாற்றம் வேண்டும்: இருங்கள், நடங்கள், தண்ணீர் குடியுங்கள். நிற்கும்போது 4 முதல் 6 அங்குல உயரக் கட்டை ஒன்றில் ஒரு காலை மாறி மாறி வைத்தால் நாரி இளகும். வெட்டும் மேசைக்குக் கீழே இந்தக் கட்டை எப்போதும் இருக்கட்டும். நல்லூர்த் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் முன்னர் ஓடர் குவியும்போதுதான் இதெல்லாம் மறக்கும். அந்த நேரத்தில்தான் அதிகம் தேவை.

யார் நிற்கக் கூடாது?

காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்கள், கால் வீக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முழங்கால் தேய்ந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் மாற வேண்டாம். கால் விறைப்பு, காலுக்குள் மின்சாரம் ஓடுவது போன்ற குத்து வந்தால் அது மேசை உயரத்தால் தீரும் விஷயம் இல்லை, உடனே காட்டுங்கள்.

இவர்களுக்கு உயரக் கதிரை ஒரு வழி. 36 அங்குல மேசைக்கு 25, 26 அங்குலக் கதிரை. பாதி நின்ற மாதிரி, பாதி இருந்த மாதிரி. ஆனால் மிதியையும் காலுக்கு எட்டும் உயரத்துக்குத் தூக்கி, மற்றக் காலுக்கும் தட்டு வைக்க வேண்டும்.

அறை 8 அடிக்கு 8 அடிதான். இதெல்லாம் எப்படி அடங்கும்?

வெட்டும் மேசையைச் சுவரில் பிணைச்சல் போட்டு மடக்கும் தட்டாகச் செய்யுங்கள். விரித்தால் 3 அடிக்கு 6 அடி, மடித்தால் சுவரோடு. வெட்டி முடித்ததும் மடித்துவிட்டால் மெசினுக்கு முன்னால் நிற்க இடம் வரும். அதே தட்டில் கம்பளித் துணி விரித்து ஸ்திரிக்கையும் போடலாம். அதற்கு உயரம் கொஞ்சம் கூடத்தான், ஆனால் மிதிப்பலகையைத் திருப்பிப் போட்டு, வெட்டு உங்கள் காலுக்கு வராத பக்கமாக வைத்து அதில் ஏறி நின்றால் 2 அங்குலம் சரியாகிவிடும்.